ஒதுக்கி வைத்த விசை

1929-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், லண்டன் மாநகரின் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவிலுள்ள செல்ஃப்ரிட்ஜஸ் என்னும் பெரிய அங்காடியின் கண்ணாடி ஜன்னலில், கணிதக் கட்டுரையொன்றின் ஆறு பக்கங்களும் வரிசையாக ஒட்டி வைக்கப்பட்டிருந்தன என்றும், தெருவில் போகிறவர்கள் திரள் திரளாக நின்று அவற்றைப் படித்தார்கள் என்றும், வானநூல் அறிஞர் எடிங்டன் அதே மாதம் ஐன்ஸ்டீனுக்கு எழுதிய கடிதமொன்றில் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார். கட்டுரை ஐன்ஸ்டீனுடையதுதான், ஈர்ப்பு விசையையும் மின்காந்த விசையையும் ஒரே சித்தாந்தத்தின்கீழ்க் கொண்டுவரும் முயற்சி அது. நின்று படித்தவர்களில் எத்தனை பேருக்கு அதில் ஒரு வரியாவது விளங்கியிருக்கும் என்று ஆராய்வது அநாவசியம். எழுதியவரே சில ஆண்டுகளுக்குள் அந்த வழியைக் கைவிட்டு வேறு வழி தேடப் போய்விட்டார் என்பதுதான் கவனிக்கத் தக்கது.

அது ஐன்ஸ்டீன் ஒருவருக்கு நேர்ந்த கதி அன்று. இயற்கையின் விசைகள் யாவும் ஒரே மூலத்தின் பல ரூபங்கள் என்று நிரூபிக்கப் புறப்பட்டவர்களில், ஈர்ப்பை முன்னிட்டுத் தொடங்கியவர்கள் பரிசோதனையின் அங்கீகாரத்தைப் பெற்றதே இல்லை. ஈர்ப்பை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு மற்ற விசைகளோடு மட்டும் வியவகாரம் பண்ணியவர்களோ நோபெல் பரிசு வரை போய்ச் சேர்ந்தார்கள். ஆயினும், அப்படி வென்றவர்கள் தங்கள் வெற்றியைக் கடைசிப் படிவரை கொண்டுசெல்ல முற்பட்டபோது, அவர்களுடைய கணக்கின் ஓரங்களிலேயே ஈர்ப்பு மறுபடியும் தலைகாட்டத் தொடங்கிற்று. சென்ற நாற்பது ஆண்டுகளாக அடிப்படைப் பௌதிகத்தில் நடந்துவரும் விவாதங்களில், வெளியுலகம் அதிகம் கேள்விப்படாததும், என் அபிப்பிராயத்தில் மிகவும் சுவையானதும் இதுவே: மற்ற மூன்று விசைகளும் ஒன்றாகச் சேரும் இடத்தை நிர்ணயிப்பதில், ஒதுக்கி வைக்கப்பட்ட ஈர்ப்புக்குப் பங்கு உண்டா, உண்டென்றால் எவ்வளவு?

விசைகள் நான்கு என்பது இன்று பள்ளிப் பாடம். மழைத்துளியை மண்ணுக்கும் சந்திரனைப் பூமிக்கும் இழுக்கிற ஈர்ப்பு. ஒளி, மின்சாரம், காந்தம், இரசாயனம் ஆகிய அனைத்துக்கும் ஆதாரமான மின்காந்தம். அணுக்கருவைச் சிதறவிடாமல் பிடித்து வைக்கும் வல்விசை. சூரியனின் கருவில் புரோட்டானை நியூட்ரானாக மாற்றி அதன் எரிதலைத் தொடங்கி வைக்கிற மெல்விசை. இவற்றில் ஈர்ப்பின் பலவீனம் சாதாரணக் கற்பனைக்கு எட்டாதது. ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரானும் புரோட்டானும் மின்விசையால் ஒன்றையொன்று இழுக்கின்றன, ஈர்ப்பினாலும் இழுக்கின்றன, முன்னது பின்னதைவிட ஒன்றின் பின் 39 பூஜ்யங்கள் போட்ட அளவுக்குப் பெரிது. மின்னேற்றத்தில் நேரும் எதிரும் உண்டாகையால் பெரிய பொருள்களில் அவை ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. ஈர்ப்பிலோ கழிவு என்பதே இல்லை. அதனால்தான் கிரகங்களின் உலகத்தில் அது ராஜாவாகவும் அணுவின் உலகத்தில் இருக்கும் இடம் தெரியாததாகவும் விளங்குகிறது.

இந்தப் பலவீனத்தின் அளவு தெரியாத காலத்திலேயே அதை மின்சாரத்தோடு இணைக்க முடியும் என்று நம்பியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை 1831-இலும், காந்தத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவை 1845-இலும் தம் கையாலேயே கண்டறிந்த அம்மனிதருக்கு, ஈர்ப்பு மட்டும் இந்தக் குடும்பத்துக்கு அந்நியமாக இருக்கக்கூடும் என்று எண்ண மனம் இடங்கொடுக்கவில்லை. 1849-இல் ராயல் இன்ஸ்டிட்யூஷனின் விரிவுரை மண்டபத்தில் அவர் செய்த பரிசோதனை எளிமையின் உச்சம். உலோக உருளையொன்றைக் கம்பிச் சுருளுக்குள் வைத்து, சுருளின் இரு முனைகளையும் நீண்ட கம்பிகளால் தூரத்திலிருந்த மின்னோட்டமானியோடு இணைத்து, 36 அடி உயரத்திலிருந்து கீழே மெத்தென்ற திண்டின்மேல் விழவிட்டார். பொருள் பூமியை நோக்கி விழும்போது ஈர்ப்பில் ஏதோ செலவாகிறது என்றால் அது மின்னோட்டமாக ஒரு திசையில் வெளிப்பட வேண்டும், மேலே தூக்கும்போது எதிர்த்திசையில் வெளிப்பட வேண்டும் என்பது அவர் அனுமானம்.

முள் அசைந்தது! ஆனால் ஃபாரடே, தாம் விரும்பியதைக் கண்டவுடன் நம்பிவிடும் ரகத்தைச் சேர்ந்தவர் அல்லர். விழும்போது இணைப்புக் கம்பிகள் இரண்டும் விலகி வளைந்து பூமியின் காந்தப்புலத்தை ஊடறுப்பதனால் உண்டாகும் மின்னோட்டமே அது என்று கண்டுபிடித்து, கம்பிகளை ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டிவிட்டு மறுபடியும் விழவிட்டார். அசைவு மறைந்துபோயிற்று. செம்பு, பிஸ்மத், இரும்பு என்று பொருளை மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை. தம்முடைய தோல்வியை மறைக்காமல் 1850-இல் ராயல் சொஸைட்டியின் முன் வாசித்த ஃபாரடே, உறவு இருக்கிறது என்னும் தம் திடமான எண்ணம் மட்டும் அசையவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். ஒன்பது ஆண்டு கழித்து, தேம்ஸ் நதிக்கரையில் ஈயக் குண்டுகள் வார்க்கும் உயரமான கோபுரமொன்றில் கனத்த ஈயப் பாளங்களை ஏற்றி இறக்கி மீண்டும் முயன்றார். அதைப் பற்றி எழுதிய கட்டுரையை வெளியிட வேண்டாம் என்று ராயல் சொஸைட்டியின் செயலாளராயிருந்த ஸ்டோக்ஸ் யோசனை சொல்லவே அதை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அறுபது வயதைக் கடந்து, ஐரோப்பா முழுவதும் புகழ் பரவிய பிறகு, கோபுரத்தின் படிகளின் நடுவே ஈயத்தைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்த அந்த மனிதரைவிட இந்தத் துறைக்குத் தகுந்த குலபதி வேறு யாரும் இருக்க முடியாது.

ஃபாரடே கைகளால் தேடியதை அடுத்த தலைமுறை காகிதத்தில் தேடிற்று. 1915-இல் ஐன்ஸ்டீன், ஈர்ப்பு என்பது காலமும் இடமும் சேர்ந்த நாற்பரிமாண வெளியின் வளைவு என்று நிலைநாட்டிய பின், மின்காந்தமும் அத்தகையதொரு வளைவாகவே இருக்கலாகாதா என்ற வினா இயல்பாகவே எழுந்தது. 1919-இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி ஏதும் இல்லாதிருந்த தியோடோர் கலூஸா, ஐன்ஸ்டீனுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். பரிமாணம் நான்கு என்பதற்குப் பதிலாக ஐந்து என்று வைத்துக்கொண்டு ஐன்ஸ்டீனுடைய சமன்பாடுகளை எழுதினால், அவற்றிலிருந்து ஈர்ப்பும் வருகிறது, கூடவே மாக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகளும் தாமாக வந்து விழுகின்றன என்பது அதன் சாரம். ஐன்ஸ்டீன் முதலில் பாராட்டினார், பிறகு சந்தேகப்பட்டார், இரண்டு ஆண்டு தாமதத்துக்குப் பிறகு 1921-இல்தான் கட்டுரை அச்சேறிற்று. அந்த ஐந்தாம் பரிமாணம் நம் கண்ணுக்கு ஏன் புலப்படவில்லை என்பதற்கு 1926-இல் ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் கிளைன் விடை சொன்னார்: அது அணுவைவிடக் கோடானுகோடி மடங்கு சிறிய வட்டமாகச் சுருண்டு கிடக்கிறது. அழகான யுக்தி, ஆனால் அதிலிருந்து எலெக்ட்ரானுடைய நிறையைக் கணக்கிட்டால் உண்மைக்கு எள்ளளவும் பொருந்தாத எண் வந்தது. எஞ்சிய ஆயுளை ஐன்ஸ்டீன் இந்தத் தேடலிலேயே கழித்தார். 1955 ஏப்ரலில் பிரின்ஸ்டன் ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடந்தபோதும் தம் கணக்குத் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார்.

அவர் வல்விசையையும் மெல்விசையையும் ஏறெடுத்தும் பாராமல் இருந்தது பெருந்தவறு என்று இளையவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் செய்தது நேர் எதிரானது. அணுவுக்குள் ஈர்ப்பினால் ஆவது ஒன்றுமில்லை, அதை மறந்துவிடுவோம் என்று தீர்மானித்துக்கொண்டு, எஞ்சிய விசைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஷெல்டன் கிளாஷோ 1961-இல் இட்ட அஸ்திவாரத்தின்மேல் ஸ்டீவன் வைன்பெர்க்கும் அப்துஸ் சலாமும் 1967, 1968-ஆம் ஆண்டுகளில் எழுப்பிய சித்தாந்தம், மின்காந்தமும் மெல்விசையும் ஒரே விசையின் இரு முகங்கள் என்றது. மூவருக்கும் 1979-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அச்சித்தாந்தம் முன்னறிவித்த கனமான துகள்கள் 1983-இல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் அகப்பட்டன. ஃபாரடேயின் எண்ணம் பலித்தது. அவர் மிகவும் விரும்பிய விசை மட்டும் அதில் சேரவில்லை.

இதற்கிடையில் வேறொரு விஷயம் தெளிவாகியிருந்தது. விசையின் வலிமையைக் குறிக்கும் எண் நிலையானது அன்று. எவ்வளவு சக்தியோடு துகள்களை மோதவிட்டு அளக்கிறோமோ அதற்குத் தக்கபடி அது மாறுகிறது. மின்காந்தத்தின் வலிமையைச் சாதாரண நிலையில் அளந்தால் 137-இல் ஒரு பங்கு. 91 கிகா எலெக்ட்ரான் வோல்ட் சக்தியில் அளந்தால் சுமார் 128-இல் ஒரு பங்கு. அதாவது கூடுகிறது. வல்விசையோ சக்தி உயர உயரத் தளர்கிறது என்பதை 1973-இல் டேவிட் கிராஸ், ஃப்ராங்க் வில்செக், டேவிட் பொலிட்ஸர் ஆகியோர் காட்டினார்கள். ஒன்று ஏற, ஒன்று இறங்கினால் எங்கேனும் சந்தித்தாக வேண்டுமல்லவா? மறு ஆண்டே ஜார்ஜை என்பவரும் கிளாஷோவும் மூன்று விசைகளையும் ஒரே விசையாக்கும் திட்டமொன்றை வகுத்தார்கள். ஜார்ஜை, ஹெலன் க்வின், வைன்பெர்க் மூவரும் சந்திப்பு எங்கே என்று கணக்கிட்டார்கள். ஒடிஷாவில் பிறந்த ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும் அதே காலத்தில் வேறொரு பாதையாக ஏறக்குறைய அதே முடிவை நெருங்கினார்கள். வந்த சக்தியின் அளவு தலைசுற்ற வைப்பது: ஒன்றின் பின் பதினைந்து பூஜ்யங்கள் போட்ட கிகா எலெக்ட்ரான் வோல்ட். இன்று ஜெனீவாவில் ஓடும் உலகத்தின் மிகப் பெரிய மோதல் இயந்திரம் எட்டுவது 13,600 தான்.

அவ்வளவு உயரத்துக்கு ஏறி நேரில் பார்ப்பது மனிதனால் ஆகாது. ஆனால் அங்கே நடப்பதன் எதிரொலி ஒன்று கீழே கேட்கும். மூன்று விசைகளும் ஒன்றே என்றால் புரோட்டான் நித்தியமானதாக இருக்க முடியாது. என்றாவது சிதைய வேண்டும். ஜார்ஜை-கிளாஷோ திட்டத்தின்படி அதன் ஆயுள் ஒன்றின் பின் சுமார் 31 பூஜ்யங்கள் போட்ட ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே அதற்குமுன் ஒரு கணம்தான். ஆயினும் 30 டன் தண்ணீரில் அத்தனை புரோட்டான்கள் இருப்பதால், அந்தத் தண்ணீரை ஓராண்டு காவல் காத்தால் ஒன்று சாவதைப் பார்த்துவிடலாம். காவலுக்கு வேண்டியது விண்வெளிக் கதிர்களின் தொந்தரவு எட்டாத ஆழம்.

அத்தகைய ஆழம் கோலார் தங்க வயலில் இருந்தது. வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடைந்து இறங்கிய அந்தச் சுரங்கத்தில், 2,300 மீட்டர் ஆழத்தில், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து 140 டன் இரும்புத் தகடுகளையும் அவற்றின் நடுவே உணர்கருவிக் குழாய்களையும் அடுக்கி, 1980-இல் காவலைத் தொடங்கினார்கள். இதற்கென்றே அமைக்கப்பட்ட கருவிகளில் உலகத்தில் முதன்முதலாக ஓடத் தொடங்கியவற்றுள் அது ஒன்று. புரோட்டானின் சிதைவாக இருக்கலாம் என்று தோன்றிய சில நிகழ்ச்சிகளை அவர்கள் அறிவித்தபோது உலகம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அமெரிக்காவில் ஈரி ஏரியின் அடியிலிருந்த உப்புச் சுரங்கத்தில் பல்லாயிரம் டன் தண்ணீரை வைத்துக் காத்திருந்தவர்களுக்கும், ஜப்பானில் கமியோக்காச் சுரங்கத்தில் காத்திருந்தவர்களுக்கும் ஒன்றும் தென்படவில்லை. ஜார்ஜை-கிளாஷோவின் எளிய திட்டம் அத்தோடு கைவிடப்பட்டது. ஐம்பதினாயிரம் டன் தண்ணீரோடு 1996-லிருந்து காத்திருக்கும் சூப்பர் கமியோக்காண்டே, புரோட்டானின் ஆயுள் ஒன்றின் பின் 34 பூஜ்யங்களுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் என்று இன்று சொல்லிவிட்டது.

எளிய திட்டத்துக்கு இன்னொரு அடி கணக்கின் பக்கத்திலிருந்தும் விழுந்தது. 1989-க்குப் பின் செர்ன் கூடத்தில் விசைகளின் வலிமை மிகத் துல்லியமாக அளக்கப்பட்டபோது, மூன்று கோடுகளும் ஒரு புள்ளியில் கூடவில்லை என்பது தெரிந்தது. இரண்டிரண்டாக மூன்று இடங்களில் வெட்டிக்கொண்டன. ஒவ்வொரு துகளுக்கும் இதுவரை காணாத இணைத்துகள் ஒன்று உண்டு என்று கூறும் சூப்பர்சிமெட்ரிச் சித்தாந்தத்தை ஏற்றுக்கொண்டால் மட்டும், ஒன்றின் பின் பதினாறு பூஜ்யங்களுக்குச் சற்று மேலான சக்தியில் மூன்றும் அழகாகக் கூடுகின்றன என்று 1991-இல் உகோ அமால்டி முதலிய மூவர் எடுத்துக்காட்டினார்கள். அந்தப் படம் ஒரு தலைமுறை விஞ்ஞானிகளை வசியப்படுத்திவிட்டது. மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் தற்செயலாகவா சேரும் என்று கேட்பார்கள். ஜெனீவா இயந்திரத்தில் இணைத்துகள் ஒன்றும் இதுவரை அகப்படாமல் போனபிறகும் பலர் அந்த நம்பிக்கையைக் கைவிடாததற்கு இந்தப் படமே காரணம்.

ஈர்ப்பு மறுபடியும் பிரவேசிக்கும் இடம் இதுதான். ஈர்ப்பு மற்ற விசைகளைப்போல் மின்னேற்றத்தையோ வேறு குணத்தையோ பற்றிக்கொள்வதில்லை, சக்தியையே பற்றிக்கொள்கிறது. ஆகவே துகள்களின் சக்தி பத்து மடங்கு உயர்ந்தால் ஈர்ப்பின் வலிமை நூறு மடங்கு உயரும். அப்படியே ஏறிக்கொண்டு போனால், மாக்ஸ் பிளாங்க் 1899-இல் வேறொரு காரணத்துக்காக எழுதிவைத்த அலகுகளில் வரும் சக்தியில், அதாவது ஒன்றின் பின் பத்தொன்பது பூஜ்யங்கள் கொண்ட கிகா எலெக்ட்ரான் வோல்ட்டில், அது மற்றவற்றுக்குச் சமமாகிவிடுகிறது. மூன்று விசைகள் சந்திக்கும் இடத்துக்கும் இந்த இடத்துக்கும் சில நூறு மடங்குதான் வித்தியாசம். நம்முடைய இயந்திரங்களிலிருந்து சந்திப்பிடம் லட்சம் கோடி மடங்குக்கு அப்பால் இருக்கிறது என்பதை நினைத்தால், இந்தச் சில நூறு மடங்கு அடுத்த வீட்டுத் திண்ணை. தாய்மாமனுக்குச் சொல்லாமல் பேசி முடித்த சம்பந்தம் நிச்சயதார்த்தத்தன்று என்ன ஆகுமோ, அந்தச் சங்கடம்தான் கோடுகள் கூடும் இடத்தில் காத்திருந்தது.

இதை முதலில் உணர்ந்தவர்கள் 1984-இல் தனித்தனியே எழுதிய கிறிஸ்டோஃபர் ஹில்லும், கைசர் ஷாஃபி-கிறிஸ்டோஃப் வெட்டெரிக் இருவரும். ஈர்ப்பின் முழுச் சித்தாந்தம் இன்னதென்று தெரியாவிட்டாலும், அது மூன்று விசைகளின் சமன்பாட்டில் சிறு திருத்தமொன்றை விட்டுச்செல்லும் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. அத்திருத்தத்தின் அளவு, சந்திப்புச் சக்திக்கும் பிளாங்க் சக்திக்கும் உள்ள விகிதம். அது சில நூறில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. அவ்வளவு சிறியதுதானே என்று தள்ளிவிட முடியாது. ஏனென்றால் கோடுகள் சந்திக்கின்றன என்று நாம் மகிழ்வதும் சந்திக்கவில்லை என்று வருந்துவதும் அதே அளவுத் துல்லியத்தைப் பற்றியதுதான். 2008-இல் சேவியர் கால்மே, ஸ்டீஃபன் ஷூ, டேவிட் ரீப் ஆகியோர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பிரபஞ்சத்தில் துகள் வகைகள் பெருகப் பெருக ஈர்ப்பு வலுப்பெறும் சக்தி கீழே இறங்குகிறது. சூப்பர்சிமெட்ரித் திட்டங்களில் துகள் வகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஆகையால் ஈர்ப்பின் திருத்தம், இதுவரை சிரமப்பட்டுச் செய்த மற்றத் திருத்தங்கள் அனைத்தையும் விழுங்கிவிடக்கூடும் என்றார்கள். இதன் பொருள் என்ன? அமால்டியின் படத்தில் கோடுகள் கூடுவது சூப்பர்சிமெட்ரிக்குச் சாட்சியும் ஆகாது, சூப்பர்சிமெட்ரி இல்லாமல் கூடாதது ஒருமைக்கு எதிர்ச்சாட்சியும் ஆகாது. ஒரு தலைமுறை சுவரில் மாட்டி வைத்திருந்த படத்துக்கு இவ்வளவு அமைதியாக இவ்வளவு பெரிய ஆட்சேபம் வேறு எவரும் எழுப்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

மேற்சொன்னது சந்திப்பிடத்தில் ஈர்ப்பு இடும் முத்திரை. கோடுகள் ஏறி வரும் வழியிலேயே அது அவற்றை வளைக்குமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு 2006-இல் ஷான் ராபின்சனும், முன்னே சொன்ன வில்செக்கும் விடை தந்தார்கள். ஒளித்துகளோ வல்விசைத் துகளோ செல்லும் வழியில் ஈர்ப்புத் துகளொன்றை உமிழ்ந்து மீண்டும் விழுங்குவதைக் கணக்கிட்டால், மூன்று விசைகளின் வலிமையும் ஒரே விதமாகக் குறைகிறது. பிளாங்க் சக்தியை நெருங்க நெருங்க மூன்றும் பூஜ்யத்தை நோக்கிச் சரிகின்றன. பாரபட்சமின்றி எல்லாவற்றையும் தளர்த்தி ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்லும் ஈர்ப்பு! சக்தி உயர உயர மின்காந்தம் பெருகி ஒரு கட்டத்தில் முடிவிலியாகிவிடும் என்று அரை நூற்றாண்டாக உறுத்திக்கொண்டிருந்த தொல்லையும் இதனால் தீர்ந்துவிடும்போல் இருந்தது.

மறு ஆண்டே போலந்து நாட்டு ஆர்டர் பியெட்ரிகௌஸ்கி அதே கணக்கை எடுத்துப் போட்டுப் பார்த்தார். இத்தகைய கணக்குகளில், நிலத்தை அளப்பவன் எந்த மூலையிலிருந்து சங்கிலியைப் பிடிப்பது என்பதைத் தன் சௌகரியம்போல் முடிவு செய்வதுபோல, கணிப்பவர் தம் வசதிக்காக ஒரு நிபந்தனையை விதித்துக்கொள்வது வழக்கம். நிபந்தனை எதுவானாலும் கடைசி விடை மாறலாகாது என்பது பிரமாணம். பியெட்ரிகௌஸ்கி நிபந்தனையை மாற்றினார். ராபின்சன்-வில்செக் விடை முழுவதும் மறைந்து பூஜ்யமாயிற்று. பெர்லினில் மூவர் வேறு முறையில் போட்டும் பூஜ்யமே வந்தது. நியூகாசில் பல்கலைக்கழகத்து டேவிட் டாம்ஸ், நிபந்தனையைச் சாராத கடினமான முறையொன்றைக் கையாண்டு, 2010-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில், திருத்தம் உண்டு, வலிமையைக் குறைக்கத்தான் செய்கிறது என்று எழுதினார். அமெரிக்காவில் ஜான் டோனஹ்யூவும் அவர் தோழர்களும் உடனே ஆட்சேபித்தார்கள்: ஒரு மோதலிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் திருத்தம் இன்னொரு மோதலுக்குப் பொருந்தவில்லையென்றால், அதை விசையின் வலிமை என்றே அழைக்க உரிமை கிடையாது என்பது அவர்கள் வாதம். என்னைக் கேட்டால், தாழ்ந்த சக்திகளைப் பொறுத்தவரை டோனஹ்யூவின் பக்கமே நியாயம் மிகுதி. ஆயினும் பிளாங்க் சக்தியை ஒட்டிய உயரத்துக்கு அவ்வாதம் எட்டாது. அங்கே வேறு பிரமாணம் வேண்டும்.

அந்த வேறு பிரமாணத்தை வைன்பெர்க் 1976-இலேயே கோடி காட்டியிருந்தார். ஈர்ப்பைத் துகள்களின் மொழியில் எழுதினால் கணக்கில் முடிவிலிகள் குவிகின்றன என்பது பழைய நோய். ஆனால் எவ்வளவு உயர்ந்த சக்திக்குப் போனாலும் ஈர்ப்பின் வலிமை கட்டுமீறி ஓடாமல் ஒரு குறிப்பிட்ட எண்ணில் போய் நின்றுவிடுமானால் நோய் தானே தீரும். இந்த அனுமானத்தை அடிப்படையாக வைத்து, ஹைடல்பெர்க் நகரத்து வெட்டெரிக்கும் லோசான் நகரத்து மிகயீல் ஷபோஷ்னிகோவும் 2009-இன் இறுதியில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். நாம் அறிந்த துகள்களைத் தவிர இடையில் புதியது ஏதும் இல்லை என்றும், பிளாங்க் சக்திக்கு அப்பால் ஈர்ப்பு மற்ற எண்களை அடக்கி ஆள்கிறது என்றும் வைத்துக்கொண்டால், அப்போது எவரும் கண்டிராத ஹிக்ஸ் துகளின் நிறை 126 கிகா எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி, இரண்டொன்று கூடவோ குறையவோ இருக்கும் என்றார்கள். 2012 ஜூலை 4-ஆம் தேதி ஜெனீவாவில் அத்துகள் அறிவிக்கப்பட்டது. நிறை 125-க்கும் 126-க்கும் இடையில்.

ஈர்ப்பைப் பற்றிய அனுமானமொன்று, துகள் பௌதிகத்தில் அளக்கக்கூடிய எண்ணை முன்கூட்டிச் சொல்லிப் பலித்தது இந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் இதை வைத்துக்கொண்டு வெற்றிமுரசு கொட்டிவிடக் கூடாது. கட்டுரையின் விடை ஈர்ப்பின் திருத்தம் எந்தத் திசையில் இருக்கும் என்னும் ஊகத்தையும், டாப் குவார்க் என்னும் துகளின் நிறையையும் சார்ந்தது. அந்நிறை இரண்டு மூன்று விழுக்காடு மாறினால் விடையும் நழுவிவிடும். அதே எண்ணை வேறு காரணம் காட்டிச் சொன்னவர்களும் உண்டு.

இன்னொரு கூட்டத்தாருக்கு ஈர்ப்பு அழையாமலே வந்து சேர்ந்தது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வல்விசையை விளக்குவதற்காகத் துகள்களை அதிரும் இழைகளாகக் கற்பித்துக் கணக்கிட்டவர்களுக்கு, நிறையே இல்லாத விசித்திரத் துகள் ஒன்று குறுக்கே வந்து நின்று, எவ்வளவு தள்ளியும் போகாமல் வேலையைக் கெடுத்தது. 1974-இல் பிரான்ஸ் நாட்டு ழோயெல் ஷெர்க்கும் அமெரிக்க ஜான் ஷ்வார்ஸும், ஜப்பானில் யோனெயாவும், அது ஈர்ப்பைச் சுமக்கும் துகளே என்று கண்டுகொண்டார்கள். இழைச் சித்தாந்தத்தில் ஈர்ப்பு இல்லாமல் மற்ற விசைகள் இருக்கவே முடியாது. சந்திப்புச் சக்தியும் பிளாங்க் சக்தியும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. எளிய கணக்கில் அந்தக் கட்டு ஏறக்குறைய இருபது மடங்கு பிசகியது. 1996-இல் எட்வர்ட் விட்டன், பதினோராம் பரிமாணம் ஒன்று சற்றே நீண்டிருந்தால் பிசகு நீங்கும் என்றார். 1998-இல் வேறு மூவர், மறைந்த பரிமாணங்கள் மில்லிமீட்டர் அளவுக்குக்கூட விரிந்திருக்கலாம், ஈர்ப்பின் பலவீனம் அது அங்கே கசிந்துவிடுவதால்தான் என்றார்கள். அதற்கு உரைகல் உண்டு: சீயாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், மெல்லிய இழையில் தொங்கும் முறுக்குத் தராசைக் கொண்டு ஈர்ப்பை மிகக் குறுகிய தூரங்களில் அளந்துவருகிறார்கள். 2020-இல் 52 மைக்ரோமீட்டர் வரை இறங்கிப் பார்த்தும் நியூட்டனின் விதி இம்மியும் பிசகவில்லை.

ஆக, நேரடியான சாட்சிக்கு மீண்டும் புரோட்டானிடம்தான் போக வேண்டியிருக்கிறது. எளிய திட்டங்களில் அதன் ஆயுள் சந்திப்புச் சக்தியின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது: சந்திப்பிடம் மூன்று மடங்கு உயர்ந்தால் ஆயுள் 81 மடங்கு நீளும், மூன்றில் ஒன்றாகத் தாழ்ந்தால் 81-இல் ஒரு பங்காகக் குறுகும். ஈர்ப்பின் திருத்தம் சந்திப்பிடத்தை அவ்வளவு தூரம் நகர்த்தக்கூடியது. கீழே நகர்த்தியிருந்தால் சூப்பர் கமியோக்காண்டே இதற்குள் எத்தனையோ சிதைவுகளைக் கண்டிருக்கும். காணவில்லையாகையால், ஈர்ப்பு கை வைத்திருந்தால் மேல்நோக்கியே வைத்திருக்க வேண்டும். கமியோக்காவின் மலைக்குள் இப்போது 2,60,000 டன் தண்ணீரை ஏந்துவதற்கு ஹைப்பர் கமியோக்காண்டே என்னும் புதிய தொட்டி தயாராகி வருகிறது. ஈர்ப்பைச் சேர்க்காத கணக்கு அத்தொட்டியில் பத்து ஆண்டுக்குள் ஒரு சிதைவை எதிர்பார்க்கச் சொன்னால், ஈர்ப்பு மும்மடங்கு உயர்த்திய கணக்கு எண்ணூறு ஆண்டு காத்திருக்கச் சொல்லும்.